கூரையைக் கீழேயிருந்து பார்த்தவர்

வல்லிபுரத்தின் தேநீரில் கூரை மூன்றாவது தடவையாகச் சொட்டியது. அவர் கோப்பையை அரை அடி தள்ளி வைத்தார். படிவத்தில் 'கூரையின் நிலை' என்ற கட்டத்துக்கு எதிரே ஆங்கிலத்தில் 'குட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான்காவது சொட்டு கையெழுத்தின் மேல் விழுந்து மையைக் கலைத்தது.

"இப்ப வாற பேப்பர் ஒண்டும் சரியில்லை" என்றார் வல்லிபுரம்.

இது 1931, மலாயா. ரப்பர் விலை விழுந்து கிடந்தது. விலையைத் தூக்க வழி தெரியாத அரசாங்கம், தூக்க முடிந்தவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தது. குமாஸ்தாக்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், தோட்டத்து ஆட்களைக் கப்பலில் அனுப்பினார்கள்.

வல்லிபுரம் கூரை இன்ஸ்பெக்டர். வேலை முடிந்த மனிதர்கள் சீட்டாடவும் கேரம் ஆடவும் ஒருவர்மேல் ஒருவர் பொறாமைப்படவும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரைக்கும் முப்பத்தெட்டு மன்றக் கட்டடங்கள் இருந்தன. எல்லாம் பழசு. அவற்றின் கூரைகளை வருஷத்துக்கு ஒரு முறை சோதித்து எழுதிக் கொடுக்க ஆபீஸில் இரண்டு பேர். பத்தொன்பது கூரை வல்லிபுரத்துக்கு. பத்தொன்பது அந்தோனிப்பிள்ளைக்கு.

படிவம் புத்திசாலித்தனமாகத் தயாரிக்கப்பட்டது. 'குட்' என்று எழுதினால் அத்தோடு வேலை முடிந்தது. 'ஃபேர்' என்றால் இரண்டு பக்கம் நிரப்ப வேண்டும். 'பேட்' என்றால் நாலு பக்கம்: உடைந்த ஓட்டின் எண்ணிக்கை, கைமரத்தின் கனம், கறையான் அரித்த அளவு, கடைசியில் ஒரு படம். ஓட்டை எண்ண வேண்டுமென்றால் மேலே ஏற வேண்டும்.

வல்லிபுரம் ஏற மாட்டார். ஏணியின் இரண்டாவது படியிலேயே அவருக்குத் தலை சுற்றும். வீட்டில் சாமி படத்துக்கு விளக்கேற்றக்கூட மனைவி குணபூசணிதான் முக்காலியில் ஏறுவாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு துரை அவரை நிலவரிக் கணக்கிலிருந்து கூரைக்கு மாற்றினார். ஏணி ஏறத் தெரியுமா என்று துரை கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது அரசாங்க ஊழியருக்கு அழகல்ல என்று வல்லிபுரமும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் அவரிடம் சொந்தமாக ஒரு முறை இருந்தது. மன்றத்துக்குள் போவார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தேநீர் வாங்கிக்கொள்வார். ஒழுக்குக்காகத் தரையில் வைத்திருக்கும் பேசின்களை எண்ணுவார். பத்துக்குக் குறைவாக இருந்தால் 'குட்'. இப்போது அவர் உட்கார்ந்திருந்த பிரிக்பீல்ட்ஸ் ஐக்கிய இளைஞர் பொழுதுபோக்கு மன்றத்தில் ஒரு வருஷமும் பத்து வந்ததில்லை. மன்றத்திடம் மொத்தமே ஒன்பது பேசின்தான் இருந்தது.

மை காயட்டும் என்று அவர் படிவத்தை விசிறிக்கொண்டிருந்தபோது, ஆபீஸ் பியூன் தம்புசாமி நனைந்த சைக்கிளோடு வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, துரை கடுதாசி. கையிலயே குடுக்கச் சொன்னாரு."

வந்து மூன்று வாரமே ஆன புதுத் துரையின் பெயர் விட்டேக்கர். கடிதம் சின்னது.

'பதினோரு ஆண்டுகளாக 'குட்' என்று மட்டுமே அறிக்கை வந்துள்ள பிரிக்பீல்ட்ஸ் மன்றத்துக்குச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நேரில் வருகிறேன். இன்ஸ்பெக்டர் வல்லிபுரம் தரையில் காத்திருக்கவும்.'

வல்லிபுரம் மூன்று தடவை படித்தார். 'தரையில்' என்ற சொல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது. யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

"தம்புசாமி, துரை கோவமா இருந்தவரோ?"

"கோவமெல்லாம் இல்லீங்கய்யா. சிரிச்சிக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டாரு."

திட்டுகிற துரைகளை அவருக்குத் தெரியும். சிரிக்கிற துரை ஆளை வீட்டுக்கு அனுப்புகிற துரை.

"அந்தோனிப்பிள்ளையின்ர ரிப்போட்டுகளைத் துரை பாக்கிறவரோ?"

"பாக்காமயா? மேசையில இவ்ளோ ஒசரம் அடுக்கி வெச்சிருக்காரு." தம்புசாமி தன் இடுப்பைக் காட்டினான். "காலையில வந்ததும் அதப் பாத்துப் பெருமூச்சு விடுவாரு. அப்புறந்தான் காப்பி."

பெருமூச்சு. இருக்காதா பின்னே? அந்தோனிப்பிள்ளை ரயில்வே குடும்பத்தில் பிறந்து எஞ்சின் மேல் தவழ்ந்தவர். எந்தக் கூரையானாலும் ஏறி, ஒவ்வொரு ஓட்டையும் விரலால் தட்டிப் பார்த்து, நாலு பக்கப் படிவத்தோடு இணைப்பாக இன்னும் ஆறு பக்கம் எழுதுவார். பத்தொன்பது கூரையும் 'பேட்'.

"இன்னொண்ணு ஐயா. கூரைக்கு இனி ஒரே இன்ஸ்பெக்டர்தானாம். யாருங்கறது சனிக்கிழமையே முடிவாகிடுமாம். ஆபீஸ்ல பேசிக்கிறாங்க." தம்புசாமி சைக்கிளில் ஏறினான். "நல்லா மழை பெய்யுது. உள்ளயும்."

பென்ஷனுக்கு இன்னும் இரண்டே வருஷம். வல்லிபுரம் தேநீரைக் குடித்தார். அதில் பாதி மழைத்தண்ணீர்.

மன்றச் செயலாளர் இராமலிங்கம் சீட்டாட்டத்திலிருந்து எழுந்து வந்தார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். இளைஞர் மன்றத்தின் செயலாளருக்கு வயது அறுபத்தொன்று. மன்றத்தில் அவர்தான் இளையவர்களில் ஒருவர்.

"துரை வாறாரோ? மெத்த நல்லது. நான் எழுதின இருபத்தாறு முறைப்பாட்டுக் கடிதமும் எங்கை காணும்?"

"பைலிலை பத்திரமா இருக்கு, மாஸ்டர்."

"துரை பாத்தவரோ?"

"பைலைப் பாத்தவர்."

"சரி, வரட்டும். ஒவ்வொரு ஓட்டையாக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன். பதினோரு வருஷமா நீர் இஞ்சை இருந்து தேத்தண்ணி குடிச்ச கதிரையையும் காட்டுறன்."

வல்லிபுரம் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் ஓர் ஆணி தெரிந்தது. துரை ஒருவரோடு எடுத்துக்கொள்ளப் போகும் குரூப் போட்டோவை மாட்டுவதற்காக 1922இல் அடித்த ஆணி. துரை எவரும் வரவில்லை. ஆணி துருப்பிடித்து, சுவரில் பழுப்பாக ஒரு கோடு விட்டிருந்தது.

"மாஸ்டர், துரை கூரை பாக்க வாறாரெண்டு ஆர் சொன்னது? உங்கடை மன்றத்தைப் பாக்க வாறார். மாலை போட்டு நடுவிலை இருத்தி, ஒரு படம் எடுத்தா என்ன? நீங்கள் பக்கத்துக் கதிரையிலை."

இராமலிங்கம் ஆணியைப் பார்த்தார். இருபத்தாறு கடிதமும் அவர் முகத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

"வலது பக்கமோ, இடது பக்கமோ?"

"வலது பக்கம்."

"அப்ப ஓட்டையைப் பற்றி இண்டைக்குக் கதையாமல் விடுவம்" என்றார் இராமலிங்கம். "ஆனா துரை இருக்கேக்கை தலையிலை சொட்டக் கூடாது, சொல்லிப்போட்டன். படம் கெட்டுப்போகும்."

ஒரு துரை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டிய விஷயம் இப்படித்தான் விழாவாயிற்று. அன்று மாலைக்குள் அறுபது நாற்காலிக்குச் சொல்லியாகிவிட்டது. மாலைக்குப் பூக்காரரிடமும், பெரிய கறுப்புத் துணியோடு வரச் சொல்லி ஒரு சீனப் போட்டோக்காரரிடமும் ஆள் போனது. ஓட்டை ஒன்பதுக்குக் கீழே, உட்கார ஆளில்லாத இடமே மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வல்லிபுரம் மன்றத்துக்கு ஓடி வந்தார். அங்கே கூட்டிப் பெருக்குகிற மாரியாயி மட்டும் இருந்தாள். ஒன்பது பேசினையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எந்த ஓட்டை எங்கே என்பது அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். மன்றத்தில் அந்த அறிவு உள்ள ஒரே ஆள் அவள். மாதச் சம்பளம் எட்டு வெள்ளி.

"மாரியாயி, நாளைக்கு ஒரு சொட்டும் கீழை விழக் கூடாது. பேசினும் இருக்கக் கூடாது. என்ன செய்வம்?"

"கூரைய மாத்துங்க."

"விசர்க்கதை கதையாதை. நாளைக்கு."

மாரியாயி அண்ணாந்து பார்த்தாள். ஓட்டுக்கும் கீழே மேற்கட்டியாகக் கட்டியிருந்த வெள்ளைத் துணிக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. குறுக்கே உத்தரங்கள் ஓடின.

"பேசினு கீழ இருந்தா என்ன, மேல இருந்தா என்ன? தண்ணி தண்ணிதான். மண்ணெண்ணெ டின்னு ஒம்போது குடுங்க. உத்தரத்து மேல வெச்சிடறேன். துணிக்கு மேல யாருக்குத் தெரியப் போவுது?"

பதினோரு வருஷத்தில் கூரையைப் பற்றி அந்த ஆபீஸுக்குச் சொல்லப்பட்ட முதல் உருப்படியான யோசனை இதுதான். மாரியாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடைக்குப் பின்னால் இருந்த சந்து வழியாக ஏறிப் போனாள். கால் மணி நேரத்தில் ஒன்பது டின்னும் இடத்தில் உட்கார்ந்தன.

நாலு மணிக்கு மழை வந்தது. கீழே ஒரு சொட்டு விழவில்லை. வல்லிபுரம் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

அப்போது சத்தம் தொடங்கியது.

ணங். டொங். ணங் ணங். டிண். ஒன்பது டின்னும் ஒன்பது சுருதியில். மழை விட்ட பிறகும் விடவில்லை. சீட்டாடிக்கொண்டிருந்த இராமலிங்கம் தலையைத் தூக்கினார்.

"ஐசே, உதென்ன சத்தம்?"

"மழை, மாஸ்டர். ஓட்டிலை விழுது."

"மழை நிண்டு அரை மணித்தியாலமாச்சே."

"பக்கத்து வீட்டிலை இன்னும் பெய்யுது."

இராமலிங்கம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, கையிலிருந்த சீட்டு நல்ல சீட்டாக இருந்ததால் விட்டுவிட்டார். ஆனால் துரை சீட்டாட மாட்டார். அன்று சாயங்காலமே வல்லிபுரம் பாசாருக்குப் போய் ஒன்பது அரிசிச் சாக்கு வாங்கி வந்தார். மாரியாயி திரும்பவும் ஏறி, டின்னுக்கு ஒன்றாக அமுக்கி வைத்தாள். சத்தம் நின்றது.

"டின்னு ரொம்பிடுச்சுங்க. சாக்கு வேற ஊறி வழியுது. நாளைக்குக் காலையில ஏறி எல்லாத்தையும் காலி பண்ணிடறேன்" என்றாள் மாரியாயி.

"ஓம், ஓம். காலமை கெதியா வந்திடு."

மாரியாயி காலை ஏழு மணிக்கே வந்துவிட்டாள். உறுப்பினர்கள் ஆறரைக்கு வந்திருந்தார்கள்.

போட்டோவில் முன் வரிசை என்றால் சும்மாவா? மூன்று மணி விழாவுக்கு விடியலிலேயே வந்து, முன் வரிசை நாற்காலிகளில் கைக்குட்டை போட்டு, அதன் மேல் தாங்களும் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, கையில் குடை. எழுந்தால் இடம் போய்விடும் என்று சிலர் வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்து மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். பத்து மணிக்குள் ஐம்பது பேர்.

"கீழ ஆம்பளைங்க உக்காந்திருக்கறப்போ நான் மேல ஏறுறதா?" என்றாள் மாரியாயி. "மானம் போயிடும். நான் மாட்டேங்க."

"அவையள் மேலை பாக்க மாட்டினம்."

"இவங்களா? நாற்காலிய விட்டு அசையாதவங்க. வேற என்னத்தப் பாப்பாங்க?"

மாரியாயி சமையல் கட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு மணிக்கு மேற்கட்டித் துணி தொய்ந்திருப்பதை வல்லிபுரம் கவனித்தார். இரண்டு மணிக்கு அது இராமலிங்கத்தின் வயிறுபோல உப்பியிருந்தது. இரண்டேகாலுக்குக் கிள்ளான் பக்கத்திலிருந்து கறுப்பாக மேகம் கிளம்பியது. முழுசாக நிரம்பிய ஒன்பது டின். அதன்மேல் இன்னொரு மழை. அதன் கீழே ஒரு துரை.

அந்த நேரம் பார்த்துத் தோளில் ஏணியோடு அந்தோனிப்பிள்ளை உள்ளே வந்தார். வெயிலில் வெந்த கழுத்து, ஓட்டுத்தூசி படிந்த சப்பாத்து.

"அண்ணே, இங்கதான் இருப்பீங்கன்னு சொன்னாங்க. இந்த ஏணிய ஒங்களுக்கு..."

"வந்திட்டீரோ!" வல்லிபுரம் அவரை முடிக்க விடவில்லை. "துரை வாற நேரம் பாத்து ஏணியோடை வந்திட்டீர். ஏறி நிண்டு சலாம் போடத்தானே?"

"ஐயோ, அதில்லண்ணே. நான் சொல்ல வந்தது..."

"எனக்கு எல்லாம் தெரியும் காணும். ஏணியை வைச்சிட்டு நில்லும்."

அந்தோனிப்பிள்ளை மேற்கட்டியை அண்ணாந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கூரை என்று வந்தால் அவருக்கு எல்லாம் புரியும். மனிதர்கள் விஷயத்தில்தான் கொஞ்சம் மந்தம்.

"மேல தண்ணி நிக்குதேண்ணே. தள்ளுங்க, நான் ஏறிக் கொட்டிட்டு வரேன். அஞ்சு நிமிஷம் லா."

வல்லிபுரம் கணக்குப் போட்டார். துரை வருகிறார். மேலே அந்தோனிப்பிள்ளை, கீழே வல்லிபுரம். யாரை வைத்துக்கொள்வார்? இந்தக் கேள்விக்கு விடை தெரியக் கூரை இன்ஸ்பெக்டராக இருக்க வேண்டியதில்லை.

"நான் ஏறுறன்" என்றார்.

"நீங்களா?"

"ஏன், நான் கூரை இன்ஸ்பெக்டர் இல்லையோ?"

அந்தோனிப்பிள்ளை ஏணியைச் சந்தில் சாத்திப் பிடித்துக்கொண்டார். வல்லிபுரம் ஏறினார். இரண்டாவது படியில் தலை சுற்றியது. மூன்றாவதில் ஏணி சுற்றியது. ஐந்தாவதில் பிரிக்பீல்ட்ஸ் சுற்றியது.

"கீழ பாக்காதீங்கண்ணே!"

"பாக்கேல்லை! கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுறன்!"

பின்வரிசைக்காரர்கள் இதை நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

உத்தரத்தின் மேல் குதிரை மேல் உட்காருவதுபோலக் காலைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் வல்லிபுரம் கண்ணைத் திறந்தார். முதல் டின் எதிரே இருந்தது, விளிம்பு வரை தண்ணீரோடு. அதை எங்கே கொட்டுவது? இந்தக் கேள்வியை அவர் கீழே இருக்கும்போது கேட்டிருக்கலாம். ஓர் ஓட்டை அகற்றி வெளியே ஊற்றிவிடலாம் என்று தோன்றியது. மெதுவாக எழுந்து நின்று, தலைக்கு மேலிருந்த ஓட்டைத் தள்ளினார்.

ஓடு சறுக்கிக்கொண்டு போய் முற்றத்தில் விழுந்து நொறுங்கியது. அது போகும்போது இன்னும் ஆறு ஓட்டைத் துணைக்கு அழைத்துக்கொண்டது. கறையான் தின்றுவிட்டு மரியாதைக்காக விட்டு வைத்திருந்த சட்டம் ஒன்று சடக்கென்று முறிந்தது. பிடிமானத்துக்குக் கையை வீசிய வல்லிபுரத்தின் தலையும் வலது தோளும் கூரைக்கு வெளியே வந்து சிக்கிக்கொண்டன.

இது அவருக்குப் புது உலகம். தண்டவாளங்கள் தெரிந்தன. செங்கல் சூளைப் புகை தெரிந்தது. ஆச்சரியம், தலை சுற்றவில்லை. கால் எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான் காரணம்.

தெருமுனையில் ஒரு கறுப்பு மோட்டார் திரும்புவதும் தெரிந்தது.

மோட்டார் வந்து நின்றது. முன்னால் இருந்து தம்புசாமி குதித்துக் குடையை விரித்தான். விட்டேக்கர் துரை இறங்கினார். முகத்தில் அதே சிரிப்பு. வலது கையை நீட்டத் தயாராக வைத்துக்கொண்டு தரையில் ஆளைத் தேடினார். வராந்தாவில் தேடினார். மரத்தடியில் தேடினார். பிறகு, உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பார்த்து, அவை வந்த வழியே கண்ணை மெல்ல மேலே கொண்டுபோனார்.

"மிஸ்டர் வல்லிபுரம்?" என்றார் ஆங்கிலத்தில்.

"யெஸ், சார்!" கூரை மேலிருந்த தலை சலாம் போட்டது.

இரண்டு வழிதான் இருந்தது. ஓட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு 'குட்' என்று சொல்லலாம். அல்லது இந்த நிமிஷத்திலிருந்து அந்தோனிப்பிள்ளையாகிவிடலாம். பென்ஷன் கண்முன் வந்தது. வல்லிபுரம் முடிவெடுத்தார்.

"நேரில் ஏறிப் பார்த்துவிட்டேன், சார்! நாற்பத்தொரு ஓடு உடைசல்! சட்டமெல்லாம் கறையான்! ஒன்பது இடத்தில் ஒழுகுகிறது! 'பேட்', சார்! வெரி பேட்! நாலு பக்கமும் இன்றைக்கே எழுதித் தருகிறேன்!"

துரையின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"நீங்களே ஏறினீர்களா?"

"நானேதான், சார்!"

"இது முதல் தடவையா?"

அந்தக் கேள்வியில் ஒரு கெஞ்சல் இருந்தது. வல்லிபுரத்தின் காதில் அது மிரட்டலாக விழுந்தது.

"இல்லை, சார்! எப்போதும் ஏறுவேன்! மற்ற பதினெட்டிலும் திங்கட்கிழமையே ஏறப் போகிறேன்! இணைப்பாக இன்னும் ஆறு பக்கம் தருகிறேன், சார்!"

துரை தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார். நீட்ட வைத்திருந்த கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்தார். மோட்டாரில் ஏறப் போனவர் நின்று, தம்புசாமியிடம் மலாய் மொழியில் என்னவோ கேட்டார். தம்புசாமி தலையை மேலும் கீழும் ஆட்டினான். இன்னொன்று கேட்டார். பக்கவாட்டில் ஆட்டினான். துரை அவன் தோளில் தட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மோட்டார் போய்விட்டது.

மாலையைத் தூக்கிக்கொண்டு இராமலிங்கம் வாசலுக்கு ஓடி வந்தபோது புகைதான் இருந்தது.

வல்லிபுரம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இழுத்த வேகத்தில் கால் முதல் டின்னில் பட்டது. அது இரண்டாவது மேல் சாய்ந்தது. துணி இவ்வளவு நேரம் தாங்கியதே பெரிய விஷயம். நடுவில் கிழிந்து, தண்ணீரும் டின்னும் ஊறிய சாக்கும், விடியலிலேயே வந்து இடம் பிடித்த முன்வரிசையின் மேல் மொத்தமாக இறங்கின. பின்வரிசைக்கு ஒரு சொட்டும் படவில்லை. அவர்கள் திரும்பவும் கைதட்டினார்கள்.

ஏணியோடு சரிந்த வல்லிபுரத்தை அந்தோனிப்பிள்ளை இடுப்பில் பிடித்து இறக்கினார். வல்லிபுரத்தின் தலைமயிரில் கறையான் புற்று. முகத்தில் ஆனந்தம்.

"கண்டீரோ? துரை தன்ர கண்ணாலை கண்டிட்டார். நான் கூரையிலை நிண்டதை!"

"கண்டாருண்ணே." அந்தோனிப்பிள்ளை ஏணியைத் துடைத்துச் சுவரில் சாத்தினார். "இது ஒங்களுக்கே இருக்கட்டும். அதச் சொல்லத்தான் வந்தேன். எனக்கு நேத்தே கடுதாசி குடுத்துட்டாங்க. இந்த மாசத்தோட வேலை இல்ல. இனி எனக்கு ஏணி எதுக்கு?"

வல்லிபுரத்துக்கு ஒரு கணம் அவர்மேல் பரிதாபம் வந்தது. ஒரு கணந்தான். இரண்டு பேர், ஒரு வேலை, ஒருவருக்குக் கடிதம். கழித்தல் கணக்கு நிலவரியில் இருந்த காலத்திலிருந்தே அவருக்கு நன்றாக வரும்.

"கவலைப்படாதையும்" என்றார். "உம்மடை ஏணியை நான் வடிவா வைச்சிருப்பன்."

இராமலிங்கம் இந்த நேரத்தில் வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். பூ வாங்கியாகிவிட்டது. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் காத்திருக்கிறார். ஆணி ஒன்பது வருஷமாகக் காத்திருக்கிறது.

"துரையின்ர கந்தோரிலை இருந்து வந்த ஒரு ஆள் எண்டாலும் காணும்" என்று சொல்லி, தம்புசாமியைப் பிடித்து நடு நாற்காலியில் உட்கார வைத்து மாலையைப் போட்டார். தாம் வலது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நனைந்த முன்வரிசையும் நனையாத பின்வரிசையும் நகர்ந்து நின்றன. வல்லிபுரம் தம்புசாமியின் இடது பக்கத்தில் போய் உட்கார்ந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அசையக் கூடாது!" என்றது கறுப்புத் துணி.

வல்லிபுரம் உதட்டை அசைக்காமல் கேட்டார். "தம்புசாமி, துரை என்னைப் பற்றி என்ன சொன்னவர்?"

தம்புசாமியும் உதட்டை அசைக்காமலே பதில் சொன்னான். "துரை கூரையப் பாக்க வரலீங்கய்யா. ஒங்களப் பாக்கத்தான் வந்தாரு."

"என்னையோ?"

"ரிப்பேரு எதுவும் கெடையாதுன்னு மேலேருந்து உத்தரவு. ஓட்டைன்னு யாராச்சும் எழுதிட்டா, துரைதான் பதில் எழுதணும். அந்தோனிப்பிள்ளை ஐயா எழுதுன எழுத்துல துரைக்கு ராத்தூக்கம் போச்சு. பதினோரு வருஷமா கூரையிலயே ஏறாத மனுசன் ஒருத்தரு இருக்காருன்னு நாந்தான் சொன்னேன். அப்படிப்பட்டவரக் கையக் குலுக்கி, வேலைய நெரந்தரமாக்கிட்டுப் போகலாம்னு ஆசையா வந்தாரு."

வல்லிபுரத்தின் பார்வை சுவரில் சாத்தியிருந்த ஏணியில் போய் நின்றது. தலை சுற்றியது. அவர் தரையில்தான் இருந்தார்.

"அப்ப... இனி ஆர் கூரை பாக்கிறது?"

"சிரிங்க!" என்றது கறுப்புத் துணி.

தம்புசாமி மாலையைச் சரிசெய்துகொண்டு நன்றாகச் சிரித்தான்.

"'குட்'டுன்னு எழுதத் தெரியுமான்னு துரை கேட்டாரு, தெரியும்னேன், ஏணி ஏறத் தெரியுமான்னு கேட்டாரு, தெரியாதுன்னேன், திங்கக்கெழமையிலேருந்து கூரை இன்ஸ்பெக்டரு நாந்தானாம், ஐயா."